கேட்பவரின் களைப்பு: அமெரிக்காவின் வெள்ளையரல்லாத உளநல ஆலோசகர்கள்

(திரையில்: எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், சுவர்க் கடிகாரம்.)

அமெரிக்க நகரம் ஒன்றின் ஆலோசனை அறை. ஆலோசனைக்கு வந்து, குடியேறிகளைக் கடுமையாக ஏசிக்கொண்டிருந்த ஒருவர், எதிரே இருப்பவரின் நிறம் திடீரென நினைவுக்கு வந்தவராய், "உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் வேறு" என்கிறார். ஆசிய வம்சாவளியினரான அந்த ஆலோசகர், அந்தப் பேச்சு, வந்தவரின் மனநிலையைப் பற்றி என்ன காட்டுகிறது என்று கணிக்க வேண்டும். தம் முகம் மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வேலை எந்தக் கேஸ் குறிப்பிலும் ஏறுவதில்லை.

(திரையில்: 1970.)

இத்தகைய சிறு காயங்களுக்கு 'மைக்ரோஅக்ரெஷன்' என்று பெயரிட்டவர் ஹார்வர்டின் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். தனித்தனியே பார்த்தால் அற்பமாகத் தெரியும் இவை, நாள்தோறும் சேரச் சேரப் பெருஞ்சுமையாகின்றன.

உளநலத் துறையின் கையும் சுத்தமாக இருந்ததில்லை. அடிமைகள் தப்பியோடுவதையே 'டிராப்பெட்டோமேனியா' என்னும் மனநோயாக 1851இல் வகைப்படுத்தினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின உளவியலாளர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். அமெரிக்க உளவியல் சங்கம் இனவெறியில் தனக்கிருந்த பங்குக்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டதோ 2021 அக்டோபரில்தான்.

(திரையில்: சம்பளச் சீட்டு.)

ஒருவரின் துயரத்தை அவருடைய மனக்கோளாறாக மட்டும் சுருக்காமல், வாடகை, வேலை, காவல்துறை, குடியுரிமை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பதும், ஆலோசகரின் கையிலுள்ள அதிகாரத்தை ஒளிக்காமல் பேசுவதும்தான் ஒடுக்குமுறை எதிர்ப்பு அணுகுமுறை. இதே அளவுகோலை ஆலோசகரின் களைப்புக்கும் பொருத்தும்போதுதான் நிறுவனங்கள் நழுவுகின்றன. ஸ்பானிஷ் தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பு அவர் தலையில் விழுகிறது. பன்முகத்தன்மைக் குழுவுக்கும், இனம் பற்றிய பயிற்சி வகுப்புக்கும் அவரையே அழைக்கிறார்கள். வெள்ளையரல்லாத பல்கலைக்கழக ஆசிரியர்கள் சுமந்த இத்தகைய கூடுதல் பாரத்தை 1994இல் உளவியலாளர் அமாடோ பாடிலா 'பண்பாட்டு வரி' என்றார். சம்பளச் சீட்டில் காட்டப்படாத பிடித்தம் என்று நாம் சொல்லலாம். இப்படிக் களைத்தவருக்கு யோகா வகுப்புக் கூப்பனை நீட்டுவது, என் பார்வையில், பழியை அவர் மடியிலேயே திருப்பிப் போடுவதாகும்.

(திரையில்: மீண்டும் அதே நாற்காலிகள்.)

மாற்றத்தை மேற்பார்வைக் கூட்டத்தில் தொடங்கலாம். "அந்தப் பேச்சு உங்களை என்ன செய்தது?" என்று மேற்பார்வையாளர் தாமாகவே முதலில் கேட்க வேண்டும், குழு வேலைகளுக்கு ஈடாகக் கேஸ்களைக் குறைக்க வேண்டும். இழிவான பேச்சு எந்தக் கட்டத்தை எட்டினால் அமர்வை நிறுத்தலாம் என்பதை நிறுவனமே முன்கூட்டி எழுதிவைத்திருந்தால், அந்த முடிவை நாற்காலியில் தனியாக அமர்ந்திருப்பவர் அந்தக் கணத்தில் எடுக்க வேண்டியதில்லை.