கடலில் கட்டிய ஆலயம்

நேயர்களுக்கு வணக்கம். கும்பிட ஓர் ஆலயம் வேண்டுமென்று நிலம் கேட்டு, அது கிடைக்காமல் போனதால் கடலிலேயே ஆலயம் அமைத்துக்கொண்ட மக்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்ட்னமர்க்கன் பங்கு. பங்கு என்றால் ஒரே கிறிஸ்தவ ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதி. அந்தக் காலத்தில் சூனார்ட், மொய்டார்ட், அரிசைக் பகுதிகளும் அதற்குள் அடக்கம். வழியெல்லாம் மலையும் நீரும். பங்கின் ஆலயமோ மேற்குக் கோடியில் கில்கோவனில் இருந்தது. கிழக்கே, கடல் நிலத்துக்குள் நீண்டு நுழையும் லாக் சூனார்ட்டின் கரையில் ஸ்ட்ரான்ஷியன் என்ற சிற்றூர். 1720-களில் தொடங்கிய ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் அது. வாணவேடிக்கைக்குச் சிவப்பு நிறம் தரும் ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமத்துக்குப் பெயர் வந்ததும் இந்த ஊரிலிருந்துதான்.

இப்படிப்பட்ட பரந்த பங்குகளில் மக்களுக்கு ஆலயம் எட்டாத தூரத்தில் இருந்ததால், 1820-களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கியது. புகழ்பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் பொறுப்பில் 32 ஆலயங்கள் எழுந்தன. ஆலயமும் போதகர் வீடும் சேர்த்து 1,500 பவுண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பது கட்டளை. எளிமையான, உறுதியான கட்டடங்கள். ஸ்ட்ரான்ஷியனுக்கும் ஒன்று கிடைத்தது.

ஆனால் யார் போதகராக வர வேண்டும் என்பதில் ஒரு பழைய மனக்குறை நாடு முழுவதும் புகைந்துகொண்டிருந்தது. 1712-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போதகரை நியமிக்கும் உரிமை பல பங்குகளில் நிலக்கிழாரிடம் இருந்தது. சபை மக்கள் வேண்டாம் என்று சொன்னாலும் அவர் அனுப்பியவரே போதகர். பத்தாண்டு காலம் வழக்கும் வாதமுமாகப் போனது. கடைசியில் 1843 மே 18 அன்று, எடின்பரோவில் கூடிய, நாட்டின் அதிகாரபூர்வ சபையான ஸ்காட்லாந்து சபையின் பொதுப் பேரவையிலிருந்து ஒரு பெருங்கூட்டம் எழுந்து வெளியேறியது. சுமார் 1,200 போதகர்களில் 450-க்கும் மேற்பட்டோர் சம்பளத்தையும் வீட்டையும் விட்டுவிட்டு, பிரிந்தவர்கள் தொடங்கிய சுதந்திர சபையில் சேர்ந்தார்கள். பிள்ளைகுட்டியோடு வீட்டை விட்டு இறங்குவது சின்னக் காரியமா? அந்த அலை சென்னையையும் தொட்டது. இங்கே 1837-இல் பள்ளி தொடங்கிய மிஷனரி ஜான் ஆண்டர்சனும் சுதந்திர சபையின் பக்கம் நின்றார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

சரி, ஸ்ட்ரான்ஷியனுக்கு வருவோம். அங்கே மக்களில் பெரும்பாலோர் புதிய சபைக்குப் போய்விட்டார்கள். ஆனால் சுற்றுப்பட்ட நிலம் முழுவதும் சர் ஜேம்ஸ் ரிடெல் என்பவருடையது. ஆலயம் கட்ட ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டார்கள். மறுத்துவிட்டார். மழையிலும் குளிரிலும் திறந்த வெளியில் வழிபட்டார்கள். மேற்குக் கரையின் மழை லேசானது அல்ல.

நிலம் அவருடையது, கடல் அவருடையது அல்லவே! நன்கொடை திரட்டி, சுமார் 1,400 பவுண்டு செலவில், கிளைட் நதிக்கரையில் ஓர் இரும்பு மிதவை ஆலயத்தைக் கட்டச் செய்தார்கள். 1846-இல் அதைக் கடல்வழியே இழுத்து வந்து, லாக் சூனார்ட்டில் கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டார்கள். உள்ளே எழுநூறு பேர்வரை அமரலாம். ஞாயிறுதோறும் மலைப்பாதைகளில் நடந்தும் படகில் ஏறியும் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் தாய்மொழியான கேலிக்கில் ஒருவர், விவிலியத்தின் துதிப்பாடலான சங்கீதத்தின் அடியை எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் வாங்கிப் பாடும். இசைக்கருவி எதுவும் கிடையாது. நூறு பேர் ஏறினால் ஆலயம் ஓர் அங்குலம் தாழுமாம். அதனால் எந்தப் போதகருக்கு எவ்வளவு கூட்டம் என்று கரையிலிருந்தே கணக்குச் சொல்லிவிடலாம் என்பார்கள்.

மறு ஆண்டு ஒரு புயல் அதைக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. அங்கேயே வழிபாடு தொடர்ந்தது. இதே 1847-இல், ஆலயத்துக்கு இடம் மறுக்கப்படுவது பற்றி நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. ஸ்ட்ரான்ஷியனைப் போலவே வேறு பல ஊர்களிலும் மக்கள் இடமின்றித் தவித்தார்கள். இறையியல் வாதங்களைவிட இந்த மறுப்புதான் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்களின் மனதில் ஆழமாகத் தைத்தது என்று நான் நினைக்கிறேன். குடியிருக்கும் மண் தன்னுடையதல்ல என்பதை ஒரு குடியானவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

நிலக்கிழார்களின் நியமன உரிமையை நாடாளுமன்றம் 1874-இல் ரத்துசெய்தது. 1929-இல், பிரிந்தவர்களில் பெரும்பாலோரின் வழிவந்தவர்கள் ஸ்காட்லாந்து சபையோடு மீண்டும் இணைந்தார்கள். சேராமல் தனித்து நின்ற சுதந்திர சபையினர் மலைநாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் கேலிக் ஆராதனைகளில் அந்தச் சங்கீதங்களை இப்போதும் ஒருவர் எடுத்துக்கொடுத்தே பாடுகிறார்கள். நன்றி, வணக்கம்.