நோட்டில் ஒரு பாலம், ஊரில் ஒரு பாலம்

வணக்கம், வணக்கம். வியட்நாமிலிருந்து வந்த பையை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிட்டேன். கீழே மிக்சி ஓடுகிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹுவே நகரத்தின் பக்கத்துக் கிராமத்தில் பார்த்த ‘தான் தோவான்’ என்ற மரப் பாலத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆனால் முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டியாக வேண்டும்.

இந்த நோட்டைப் பாருங்கள். 20,000 டாங். நம் காசுக்கு எழுபது ரூபாய் தேறினால் அதிகம். பின்பக்கம் அச்சடித்திருப்பது ஹோய் ஆன் ஊரின் ஜப்பானியப் பாலம். அந்தப் பாலத்திற்குள் கால் வைக்க வெளிநாட்டவருக்கு 1,20,000 டாங் டிக்கெட்! பாலம் போட்ட நோட்டு ஆறு கொடுத்தால்தான் பாலத்தில் நடக்கலாம். அதே டிக்கெட்டில் சில பழைய வீடுகளையும் பார்க்கலாம் என்று டிக்கெட் கொடுத்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு வீடு எதற்கு? பழைய வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் புதுச்சேரி வைசியாள் வீதியில் பார்க்க மாட்டேனா? ஆறு நோட்டையும் ஒவ்வொன்றாக, பாலம் மேலே தெரியும்படி மேசையில் அடுக்கினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. பிச்சாவரம் படகுக் கட்டணத்திற்கே நான் எவ்வளவு புலம்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். இது சுமார் 400 ரூபாய்!

உள்ளே போனால் மொத்தமே பதினெட்டு மீட்டர். பின்னால் வந்த கூட்டம் தள்ளிய வேகத்தில் மறுகரைக்கு வந்து சேர்ந்தேன். பழுதுபார்த்து 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். வண்ணம் புத்தம்புதிதாகப் பளபளக்கிறது என்று அப்போது ஒரே சண்டை. வண்ணத்தோடு எனக்குச் சண்டை இல்லை, முகத்திற்கு நேரே நீளும் செல்ஃபி குச்சிகளோடுதான்.

ஆனால் அங்கே சொல்லும் கதை பிடித்தது. கூ என்று ஒரு பூதமாம். வால் ஜப்பானில், உடம்பு வியட்நாமில், தலை இந்தியாவில். புரண்டு படுத்தால் நிலம் நடுங்கும். அதை அசையவிடாமல் முதுகில் அடித்த ஆப்புதான் இந்தப் பாலமாம். தலை நம் பக்கம் என்றால் தினமும் அதற்குச் சோறு போடுவது யார் என்றுதான் எனக்குக் கவலை.

சரி, தான் தோவான் பாலத்திற்கு வருகிறேன். ஹுவேயிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், வழியெல்லாம் வயல். வாடகை சைக்கிளில் போனேன். அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்: இங்கே டிக்கெட்டே கிடையாது! வாய்க்காலின் மேல் மர வளைவு, அதன் மேல் மெருகிட்ட ஓட்டுக்கூரை, முகட்டில் பீங்கான் சில்லு பதித்த வேலைப்பாடு. இருபுறமும் திண்ணை மாதிரி நீளமாகப் பலகை. அதில் ஒரு பெரியவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார். பலகையின் விளிம்பு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து மழமழவென்று இருக்கிறது, நடுவில் அப்படி இல்லை. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கட்டக் காசு கொடுத்தவர் ஒரு பெண். பெரிய அதிகாரியின் மனைவி, திரான் தி தாவ் என்று பெயர். பிள்ளை இல்லாதவர். 1776-இல் தன் செலவில் ஊருக்குப் பாலம் போட்டுக் கொடுத்தார். அதை மெச்சிய அரசர் ஊருக்கே வரிச்சலுகை கொடுத்தாராம். பாலத்தின் நடுவில் அவருக்கு வழிபாட்டு மாடம் இருக்கிறது, நான் போனபோது பத்தி புகைந்துகொண்டிருந்தது.

பாலத்திற்குக் கூரை எதற்கு? மழைதான் காரணம். மூட்டுகளில் தண்ணீர் இறங்கி நின்றால் மரம் உளுத்துவிடும், கூரை போட்டால் பல தலைமுறை தாங்கும். ஹுவே மழைக்குப் பேர்போன ஊர். அமெரிக்காவின் வெர்மான்டில் இப்படிக் கூரை போட்ட மரப் பாலங்கள் நூறுக்கு மேல் நிற்பதும் இதே கணக்கில்தான். ஆனால் அவற்றில் பல, பக்கமெல்லாம் பலகை அடித்து வண்டி போவதற்காகக் கட்டியவை. வண்டிப் பாதையில் யார் படுத்துத் தூங்க முடியும்? என் வாக்கு ‘தான் தோவான்’ பாலத்துக்கே.

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி சைகோனில் பிறந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய, எந்தக் கடையில் நெம் (வியட்நாம் ஸ்பிரிங் ரோல்) நன்றாக இருக்கும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். பாட்டிக்கு முழுக் காட்சியையும் ஓட்டிக் காட்டினேன். பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அங்கே இப்போது நூடுல்ஸ் சூப் என்ன விலை என்று கேட்டார்.

போகிறவர்களுக்கு: ஹோய் ஆன் பாலத்தை இரவில் விளக்கு போட்ட பிறகு எதிர்க்கரையில் நின்று பாருங்கள், கண் கூசாது, கூட்டமும் இடிக்காது. தான் தோவானுக்குக் காலையிலேயே கிளம்புங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கிறது. வியட்நாமின் ‘நின் பின்’ வட்டாரத்தில், ஃபாட் சியெம் என்ற ஊரில் 1902-இல் கட்டிய ஓட்டுக்கூரைப் பாலம் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அதற்குத்தான் போவேன், சில்லறை நோட்டை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.