அடித்த பெயரைத் தேடி வந்தவர்

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் பந்தலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"ஓர் ஆசிரியர் ஊருக்கு அதிகம் பயன்படுவது பணிக்காலத்திலா, ஓய்வுக்குப் பிறகா?" என்பது தலைப்பு. எதிரணியில் பேசிய அண்ணன் ஒரு கணக்குச் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணி, ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள். ஓய்வுக்குப் பிறகு திண்ணையில் நாலு பிள்ளைகளுக்கு நோட்டுத் திருத்துவது இதற்கு ஈடாகுமா என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அண்ணன் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, நடுவர் அவர்களே. பள்ளிக்கு வந்த பிள்ளைகளைத்தான் அவர் எண்ணினார். வராமல் போன பிள்ளைகள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

வராமல் போனவர்களில் ஒருவர் என் அம்மா.

1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அப்படி வந்தவர்களுக்காக இந்த நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் வேலை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு. பாட்டி கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தையான மாமாவை யார் பார்ப்பது? ஏழாம் வகுப்பில் இருந்த அம்மா நின்றுவிட்டார். சில வாரங்கள் பார்த்துவிட்டு, நீண்ட நாள் வராதவர் என்று வருகைப் பதிவேட்டில் அம்மாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார் வகுப்பாசிரியை. அவர்மேல் குற்றம் இல்லை. காலையில் வருகைப் பதிவு, பிறகு பாடம், தேர்வு, மேலதிகாரிக்குப் புள்ளிவிவரம் என்று மணிக்கு மணி வேலை. லயம் லயமாக ஏறி இறங்க அவருக்கு ஏது நேரம்?

அந்த டீச்சர் 2012-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு வயது ஆண்டின் நடுவில் நிறைந்தாலும், அப்போது ஆசிரியர்களைக் கல்வியாண்டு முடியும்வரை வைத்திருந்து மே மாதக் கடைசியில்தான் வழியனுப்பினார்கள். ஜூனில் பள்ளி திறக்கும். அதே ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் இறங்கும். தேவாலா, பந்தலூர் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடையில் தண்ணீர் ஏறும், பாதையில் யானை நிற்கும், துணி காயாது. பிள்ளை ஒரு வாரம் நிற்கும். ஒரு வாரம் ஒரு மாதமாகும். எங்கள் ஊரில் படிப்பு அறுபடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். அந்த ஜூனில் டீச்சரிடம் பதிவேடு இல்லை, குடை இருந்தது. முதல் வாரமே எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா பதறிப்போய்ப் பாயை விரித்தார். "உன் பெயரை அடித்தது இந்தக் கைதான். உன் மகள் எந்த வகுப்பு?" என்று டீச்சர் கேட்டார். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அம்மா நின்ற அதே வகுப்பு.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனாய்வுத் தேர்வு எழுதலாம் என்பதே எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. டீச்சர்தான் சொன்னார். மனத்திறனுக்கு 90 கேள்விகள், பாடங்களுக்கு 90 கேள்விகள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உதவித்தொகை. எனக்கு மாதம் 500 ரூபாய் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000. கொழுந்துக்கூடை சுமக்கும் வீட்டில் "இவள் படிக்கட்டும்" என்று ஒரு தகப்பன் துணிந்து சொல்வதற்கு அந்தப் பணம் போதும். எங்கள் வீட்டில் போதுமாக இருந்தது.

பணத்தோடு டீச்சர் விடவும் இல்லை. கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் அழுதேன். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் "இன்று என்ன சாப்பாடு?" என்று மட்டும் கேட்டார். ஒரு மாதம் கேட்டார். நான் இருந்துவிட்டேன். வகுப்பறையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரால் ஒரு பெண்ணை இப்படி எட்டு ஆண்டுகள் பின்தொடர முடியும்?

பணியர் பழங்குடியினரின் குடியிருப்புக்கும் போகிறார். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். பந்தலூர் வட்டத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகம் கூடலூரில் இருக்கிறது. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். அதனால் பசை, புகைப்படம், நகல்கள் எல்லாம் போட்ட பையோடு டீச்சர் பஸ் ஏறுகிறார். ஒருநாள் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லை என்று பணியில் இருந்தபோது நினைத்தேன். எனக்கு அவர்கள் பேச்சு வரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது." இன்று அந்தக் குழந்தைகளிடம் சொல் சொல்லாகக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் இருந்தவரை அந்த நோட்டு பிறக்கவில்லை, நடுவர் அவர்களே.

பணிக்கால அனுபவம் இல்லாமல் இந்தத் தொண்டு உண்டா என்று எதிரணி கேட்கும். இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் பதிவேட்டில் எந்தெந்தப் பெயர்கள் அடிபட்டன என்று நினைவு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடிப் போகும் கால்கள் அவருக்கு ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தன.

டீச்சரை இன்று இந்த அரங்குக்கு அழைத்தேன். வரவில்லை. திறனாய்வுத் தேர்வு விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறதாம். இரண்டு பிள்ளைகளுக்கு வருமானச் சான்று வந்து சேரவில்லையாம். "பேசி முடித்ததும் நேராக வீட்டுக்கு வா, படிவம் நிரப்ப ஆள் வேண்டும்" என்றார். நான் கிளம்ப வேண்டும், நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.