சர்க்கரை வேடமிட்ட நஞ்சு: மூலிகை ஆய்வில் "குணமானது" யார்?

வணக்கம். "இந்தச் சாறு நீரிழிவைக் குணப்படுத்தியது" என்று வரும் தலைப்புகளில் குணமானது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஓர் எலி. அதற்கும் நீரிழிவு தானாக வரவில்லை. ஊசி போட்டு வரவழைத்தார்கள். அந்த ஊசிக்குள் என்ன இருந்தது என்பதுதான் இன்றைய கதை.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சில செல்களுக்குள் அது கட்டுப்பாடின்றிப் புகுந்துவிடும். அதை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, சூப்பராக்சைடு என்ற துடுக்கான மூலக்கூறை அளவுக்கு மீறிக் கக்கும். ரத்தக்குழாய், விழித்திரை, சிறுநீரகம் எல்லாம் பழுதாவதற்கு இதுவே மூலம் என்று நீரிழிவு ஆய்வாளர் மைக்கேல் பிரௌன்லீ 2001-இல் வாதிட்டார். இதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இதைத் தணிக்கக்கூடிய பொருள்கள் செடிகளில் ஏராளம். பின்னணி முடிந்தது. உயிர்வேதியியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க!

[திரையில்: இரு வண்ணங்களில் ஒரு மூலக்கூறு]

இனி ஊசி. உள்ளே இருப்பது ஸ்ட்ரெப்டோசோடோசின். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிப்பது. 1950-களின் இறுதியில் நுண்ணுயிர்க்கொல்லி தேடியவர்கள் கையில் சிக்கியது. படத்தைப் பாருங்கள்: ஒரு பாதி குளுக்கோஸ், மறு பாதி நஞ்சு. எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் வாசலில், குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்-2 என்றொரு புரதக் காவலாளி நிற்கிறார். தெரிந்த முகம் என்று கதவைத் திறந்துவிடுகிறார். உள்ளே போனதும் வேடம் கலைகிறது. டிஎன்ஏ சிதைகிறது, நைட்ரிக் ஆக்சைடும் சூப்பராக்சைடும் பெருகுகின்றன. கல்லீரல் செல்லாக இருந்தால் கேட்டலேஸ் போன்ற நொதிகள் ஓடிவந்து ஓரளவு சமாளித்திருக்கும். பீட்டா செல்லில் அந்த நொதிகள் மிகச் சொற்பம். இன்சுலின் சுரப்பு படுத்துவிடுகிறது, சர்க்கரை ஏறுகிறது. இவ்வளவு கச்சிதமான வில்லனை நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை.

இன்னொரு வேடிக்கை: மனித பீட்டா செல்லில் அந்தக் காவலாளிகள் மிகவும் குறைவு. அதனால் இந்த நஞ்சு நம் செல்களை அவ்வளவு எளிதாக ஏமாற்ற முடிவதில்லை.

இப்போது எலிக்குச் சாறு கொடுக்கிறார்கள். சர்க்கரை இறங்குகிறது, கட்டுரை வெளியாகிறது. ஆனால் செல்லைத் தாக்கியதில் ஆக்சிஜனேற்றத்துக்கும் பங்குண்டு. அதைத் தடுக்கும் சாறு வெல்வதில் என்ன ஆச்சரியம்? வினாத்தாளைத் தயாரித்தவரே தேர்வும் எழுதியது போலத்தான். சில ஆய்வுகளில் ஊசிக்கு முன்பே சாற்றைத் தொடங்கிவிடுகிறார்கள். அது நஞ்சை முறிப்பது, நீரிழிவைக் குணப்படுத்துவது அல்ல. மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவோ பல ஆண்டுகள் மெல்ல மெல்ல வளர்வது.

மனிதர்களிடமும் சோதித்தார்கள். 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நீரிழிவு உள்ளவர்களும் அதில் இருந்தனர். ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் வைட்டமின் ஈ-யைச் சுமார் நாலரை ஆண்டுகள் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. 2009-இல் இன்னும் சங்கடமான ஒரு முடிவு வந்தது: உடற்பயிற்சியால் இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்க்கத் தொடங்கும் அல்லவா, வைட்டமின் சி-யும் ஈ-யும் சேர்த்து விழுங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாம் விரட்டத் துடிக்கும் அந்தத் துடுக்கு மூலக்கூறுகள் செல்லுக்குச் செய்தியும் கொண்டுபோகின்றன.

அப்படியானால் செடிகள் வீணா? இல்லவே இல்லை! நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினின் பூர்வீகம் கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடி. அதிலுள்ள கலேஜின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நச்சுத்தன்மை மிகுந்தது. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினைப் பிரான்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃப்ளோரிசின், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் இன்றைய மாத்திரைகளுக்குப் பாட்டன். இரண்டையும் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் அல்ல.

"மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடிக்கலாமா?" என்று கமெண்டில் கேட்கப் போகிறீர்கள், எனக்குத் தெரியும். கூடாது. அதற்குப் பதிலாக, உங்களுக்கு வந்த மூலிகைச் செய்தி ஒன்றை அங்கே போடுங்கள். சாறு ஊசிக்கு முன்பா, பின்பா என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.