எளிய மக்கள் வாழ்ந்த இடிபாடுகளே காணத்தக்கவை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டிய பழங்கால இடிபாடுகள் மன்னர்கள் எழுப்பிய பெருஞ்சின்னங்களா, எளிய மக்கள் வாழ்ந்த குடியிருப்புகளா என்பதே இன்றைய வழக்கு. எதிரணியினர் எகிப்தின் கீசா பிரமிடையும் கம்போடியாவின் அங்கோர் வாட் கோயிலையும் முன்வைத்து, அண்ணாந்து பார்க்க வைப்பதே காணத்தக்கது என்று வாதிட்டார்கள். அந்தப் பிரம்மாண்டத்தை நானும் மதிக்கிறேன். ஆனால், தன்னைப் பற்றி உலகம் எதை நம்ப வேண்டும் என்று மன்னன் விரும்பினானோ, அதைத்தான் அந்தக் கற்கள் பேசுகின்றன. மனிதர் வாழ்ந்த விதத்தை அறிய அவர்கள் உண்டு உறங்கிய இடத்துக்கு அல்லவா போக வேண்டும்?

இத்தாலியின் பாம்பேயியைப் பாருங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த அந்த ஊரின் தெருக்களில், வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் பாவுகற்களின் மேல் இன்றும் ஆழமாகத் தெரிகின்றன. தெருவைக் கடப்பவரின் கால் அழுக்கு நீரில் படாதிருக்க உயரமான கற்களைக் குறுக்கே பதித்தவர்கள், சக்கரங்கள் நுழைந்து செல்ல அவற்றுக்கிடையே இடைவெளியும் விட்டிருக்கிறார்கள். உணவுக்கடை மேடையில் உள்ள வட்டத் துளைகளை எட்டிப் பார்த்தால், உள்ளே பதித்த பெரிய சாடிகள் தெரியும். 19ஆம் நூற்றாண்டு அகழாய்வில் ஓர் அடுமனையின் அடுப்பைத் திறந்தபோது, 81 ரொட்டிகள் கரிந்த நிலையில் அப்படியே இருந்தன. அவற்றைச் சுட்டவர் அரசருமல்லர், படைத்தலைவருமல்லர்.

பிரமிடு இல்லாமல் எகிப்து ஏது என்று எதிரணித் தலைவர் கேட்டார். அதே எகிப்தில், மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த டெயிர் எல் மெதினாவை அவர் ஏன் மறந்தார்? ஒட்டி ஒட்டி நிற்கும் சிறிய வீடுகளின் அடிச்சுவர்கள் அங்கே இன்றும் வரிசையாக உள்ளன. அத்தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு ஒன்று, இரண்டாம் ராம்செஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சுண்ணாம்புக்கல்லில் எழுதப்பட்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருவரைத் தேள் கொட்டியது, இன்னொருவர் பீர் காய்ச்சினார் என்று, வேலைக்கு வராததற்கான காரணங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. மூன்றாம் ராம்செஸ் காலத்தில் கூலியாகத் தர வேண்டிய தானியம் தாமதமானபோது, இவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் அருகே போய் அமர்ந்தார்கள். வரலாற்றில் பதிவான மிகப் பழைய வேலைநிறுத்தங்களுள் அது ஒன்று. இப்படி எதிர்த்துப் பேசும் மனிதக் குரலை எந்தப் பிரமிடிலாவது காட்ட முடியுமா?

அங்கோரில் மக்கள் குடியிருந்த மர வீடுகள் மக்கிப் போயின. கல்லில் கட்டிய கோயில்கள்தாம் எஞ்சின. அங்கே போகிறவர்கள் பேயோன் கோயிலின் வெளிப்பிராகாரச் சிற்பங்களின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். சந்தையில் விற்கும் பெண்களும், சேவற்சண்டையைச் சூழ்ந்த கூட்டமும், சமையல் செய்பவர்களும் அச்சுவரில் இருக்கிறார்கள். எதிரணி காட்டிய இடத்திலேயே என் கட்சிக்குச் சான்று கிடைக்கிறது.

சிந்து மாகாணத்தின் மொகஞ்சதாரோவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளின் குளியலறைத் தளங்கள், தண்ணீர் வடிந்து தெருச் சாக்கடையைச் சேரும் வகையில் சரிவாக அமைந்துள்ளன. அந்தச் சாக்கடைகளைச் செங்கல்லாலும் கல்லாலும் மூடியிருந்தார்கள். இதுதான் அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. மன்னன் பெயர் தெரியாமலேயே ஒரு பெருநகரம் இன்றும் நம்மை வியக்க வைக்கிறது.

நடுவர் அவர்களே, மற்றொன்றையும் கருத வேண்டுகிறேன். பிரமிடு இன்னும் பல நூற்றாண்டுகள் நிற்கும். மொகஞ்சதாரோவின் செங்கற்களையோ நிலத்தடி உப்பு உதிர்த்துக்கொண்டிருக்கிறது. 2022இன் பெருமழையில் அங்கே சில சுவர்கள் சரிந்தன. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், கல்லால் செய்த படுக்கைகளும் அலமாரிகளும் வீட்டுக்குள் இருக்கும் ஸ்காரா பிரே என்னும் புதிய கற்காலக் குடியிருப்பைக் கடல் அரிக்காமலிருக்கத் தடுப்புச்சுவர் கட்டிக் காத்து வருகிறார்கள். ஆகவே, வாழ்நாளில் ஒரே ஒரு பயணம்தான் வாய்க்கும் என்பவருக்கு, முதலில் இத்தகைய வீடுகளையே பார்க்கச் சொல்லித் தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.