பூந்திக்கொட்டைத் தண்ணீர் எல்லா நகைக்கும் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் வீட்டில் ஒரு விசேஷம் முடிந்தால், மறுநாள் காலையில் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஒரு பித்தளைக் கிண்ணம் வந்து உட்கார்ந்துவிடும். அதில் நுரைத்து நிற்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நகைகள் ஊறும். பிரஷ்ஷால் தேய்த்து, துண்டில் ஒற்றி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோம். தங்கத்துக்கு அது நல்ல பழக்கம். அதே கையோடு பவளத்தையும் விதைமாலையையும் கிண்ணத்தில் போட்டுவிடுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கொட்டான் என்கிற கூடை முடைகிற ஓலையிலும், விதையிலும், கொட்டாங்கச்சியிலும் நகை செய்கிறவள் நான். ஆனாலும் இதில் முதல் தப்பைச் செய்தவளும் நான்தான். அப்பத்தா விட்டுப்போன பவள மாலை ஒன்று என்னிடம் இருந்தது. கல்யாணமான புதிதில், செம்புப் பாத்திரம் விளக்குகிற புளியை எடுத்து அதைத் தேய்த்துவிட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் மணிகள் வெளுத்துச் சொரசொரத்துப் போயிருந்தன. அந்த மினுமினுப்பு திரும்பி வரவே இல்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பவளம், முத்து, சங்கு மூன்றுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு. உடைந்த சங்குத் துண்டில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்துக்கொண்டு வரும். சங்கு கரைகிறது என்று அர்த்தம். நம் வியர்வைக்கும் கொஞ்சம் புளிப்பு உண்டு. அதனால் பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த பிறகு கடைசியாக இவற்றை அணியுங்கள். வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். முத்தைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. காற்றுப் புகாத பையில் வருஷக்கணக்கில் அடைத்து வைத்தால், அதற்குள் இருக்கிற சொற்ப ஈரமும் வற்றி மேல்தோல் வெடிக்கலாம்.

ஓலைக்குத் தண்ணீரே ஆகாது. சாயம் ஓடும், முடைந்த வடிவம் தளரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டிக்குள் கிடந்தால் பூசணம் பிடித்துவிடும். மழை விட்ட நாளில் எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும். கொட்டாங்கச்சி வளையலுக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போதும். சுடுமண் நகைக்கு உலர்ந்த பிரஷ். கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்குப் பெரிய பராமரிப்பு.

விதைமாலை வைத்த இடத்தில் மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால், உள்ளே வண்டு துளைக்கிறது. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். குளிர் விடும்வரை பை மூடியே இருந்தால்தான் வியர்க்கும் ஈரம் பையின் வெளிப்புறத்தோடு நிற்கும்.

குன்றிமணியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசாரிகள் தங்கம் நிறுத்த அதே விதைதான். அழகுதான், ஆனால் உள்ளே இருப்பது கொடிய விஷம். ஓடு கெட்டியாக இருக்கும்வரை அது வெளியே வராது. துளைபோட்டுக் கோத்துவிட்டால் அந்தக் காவல் போயிற்று. குழந்தைகள் கடிக்கிற வீட்டில் அந்த மாலை இருக்கவே கூடாது. ஒரு மணியை மென்றுவிட்டாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் அதைக் கோப்பதையே விட்டுவிட்டேன். சிவப்பு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மஞ்சாடி கோத்துத் தருகிறேன்.

அறுபதாம் கல்யாணத்தில் ஐயாக்கள் அணிகிற கௌரிசங்கம் என்கிற மாலையின் ருத்ராட்சப் பள்ளங்களில் வியர்வை அழுக்கு அடையும். சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். நன்றாக உலர்ந்த பிறகு துளி நல்லெண்ணெய்.

கடைசியாக, நூல். மணி உடைந்து தொலைவதைவிட நூல் இற்றுத் தொலைவதே அதிகம். கழுத்துரு என்கிற கல்யாணத் தாலி மாலையைக் கோப்பதை நம் வீடுகளில் ஒரு சடங்காகவே செய்கிறோம், மஞ்சள் சரட்டை அவ்வளவு பார்த்துப் பார்த்துத் திரிக்கிறோம். முத்துக்கும் பவளத்துக்கும் அந்தக் கவனம் கிடைப்பதில்லை. மணிகளுக்கு இடையில் நூல் கறுத்தோ தளர்ந்தோ தெரிந்தால் மாற்றிக் கோக்கக் கொடுங்கள். முத்துக்கு நடுநடுவே முடிச்சுப் போடச் சொல்லுங்கள், அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். வெளுத்துப்போன அந்தப் பவள மாலையை நானும் ஒவ்வொரு தை மாதமும் புது நூலில் கோத்துத்தான் வைத்திருக்கிறேன்.

வணக்கம்.