நாற்காலி அவருக்கு, பவிசு வீட்டாருக்கு

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கணவனோ மனைவியோ பதவி உயர்வு பெற்றால் வீட்டில் பெருகுவது மகிழ்ச்சியா, பவிசா?" இதுதான் இன்றைய தலைப்பு. மகிழ்ச்சியே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். பவிசே என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்று மாலை அந்த வீட்டில் இருப்பது கலப்படமில்லாத மகிழ்ச்சிதான். எத்தனை ஆண்டு உழைப்பு, எத்தனை இரவு கண்விழிப்பு! பெற்றவர்களுக்குக் கண் கலங்கும், பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அந்த மாலைப் பொழுதை எதிரணிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு மறுநாள் காலை போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது ஆண்டு ஒரே நிறுவனத்தில் உழைத்து வைஸ் பிரெசிடென்ட் ஆனார். செய்தி கேட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். மனிதர் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மகளுடைய சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். பத்து விரலிலும் கிரீஸ். மகள் பெடலைக் கையால் மெல்லச் சுற்ற, இவர் செயினை ஒவ்வொரு பல்லாக ஏற்றுகிறார். பாதி ஏறியதும் நழுவுகிறது, இருவரும் சிரிக்கிறார்கள், மறுபடியும் முதலிலிருந்து. அப்போது உள்ளே அவருடைய செல்பேசி ஒலித்தது. மனைவி எடுத்தார். திரையில் பெயரைப் பார்த்தார். குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "சார் மீட்டிங்கில் இருக்கிறார். முடிந்ததும் பேசச் சொல்கிறேன்" என்றார்.

அழைத்தது யார் தெரியுமா, நடுவர் அவர்களே? அவருடைய சொந்த அண்ணன். தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அண்ணன்!

அற்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எதிரணியில் ஒருவர், "பதவி உயர்வு பெற்றவர் திறமையால் வந்தவர், அவரை எப்படி அற்பன் என்பீர்கள்?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லையே! பதவி பெற்ற அந்த மனிதர் அர்த்த ராத்திரியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுத்த காலாண்டு இலக்கை எப்படி எட்டுவது என்று விழி பிதுங்க உட்கார்ந்திருக்கிறார். குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனவர்கள் வீட்டார்தான்.

பதவியின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வைஸ் பிரெசிடென்ட் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் துணைத் தலைவர் என்று மொழிபெயர்க்கப்படுகிறது. அடுத்த வேளைக்குள், "தலைவருக்கு அடுத்தபடி எங்கள் மாப்பிள்ளைதான்" என்று மாமியார் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், தலைவரே இவரைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஆகியிருக்கும். உலகத்தின் பெரிய முதலீட்டு வங்கிகளில் வைஸ் பிரெசிடென்ட் என்பது ஒரு நடுப்படி. அசோசியேட்டுக்கு மேலே, மேனேஜிங் டைரக்டருக்குக் கீழே. ஒரே வங்கியில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இது அந்தப் பதவியில் இருப்பவருக்குத் தெரியும், பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியும். தெரியாதது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். இவர் வாயைத் திறந்து விளக்கலாம் என்றால், "உங்களுக்கு எப்போதுமே தன்னடக்கம்" என்று அடக்கிவிடுகிறார்கள். உண்மையைச் சொல்லும் உரிமையைக்கூடப் பறித்துவிட்டுத் தன்னடக்கம் என்ற பட்டத்தையும் கொடுத்தால் அவர் எங்கே போவார்?

அடுத்தது பணம். கடிதத்தில் ஓர் ஆண்டுத் தொகை இருக்கிறது. அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுக்க வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது. கழிக்கத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை! அதில் ஒரு பங்கு வரி. ஒரு பங்கு, நிறுவனமும் இவரும் இலக்கை எட்டினால் மட்டும் ஆண்டு முடிவில் வரும் தொகை. நிறுவனத்தின் பங்குகளாக (ஷேர்களாக)த் தருவதாகச் சொன்னது மூன்று நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வருவது, அதுவும் இவர் அதே நிறுவனத்தில் நீடித்தால். மாதந்தோறும் உறுதியாகக் கூடியது எவ்வளவு என்று உட்கார்ந்து பார்த்தால் கடிதத்தில் கண்ட உயரம் இருக்காது. அந்த உயரத்தை நம்பி வாங்கிய கடனுக்குத் தவணை கேட்பவர் அப்படி இல்லை. மாதம் தவறாமல், அதே தேதியில், அதே தொகையைக் கேட்பார்.

இந்த நோய் புதியதும் இல்லை. தெனி திதரோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1769 வாக்கில் தம் பழைய மேலங்கியை இழந்ததற்கு வருந்தி ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக ஒரு சிவப்பு அங்கி வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அறையிலிருந்த நாற்காலி பொருந்தவில்லை. வைக்கோல் பின்னிய நாற்காலி போய்த் தோல் நாற்காலி வந்தது. மேசை போயிற்று, சுவரில் இருந்த படங்கள் போயின. பழைய அங்கிக்கு நான் எசமானனாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று புலம்பினார் அந்த மனிதர். ஓர் அங்கிக்கே இத்தனை! நம் வீடுகளில் வருவது ஒரு பதவி. முதலில் கார் பொருந்துவதில்லை. பிறகு கார் நிற்கும் வீடு பொருந்துவதில்லை. பிறகு பிள்ளைகள் படிக்கும் பள்ளி. இத்தனையும் மாற்றி முடித்த பிறகு பழைய நண்பர்கள் பொருந்துவதில்லை. நண்பர்களுக்கு வரும்போதுதான் எனக்கு மனம் வலிக்கிறது.

இருபது ஆண்டுகளாக இந்த வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்த நண்பனை, "வருவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும்" என்று சொல்லி நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றன? விளையாடும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையிடம், "உன் அப்பா என்ன கிரேடு?" என்று கேட்கிறது. எட்டு வயதில் பிள்ளைக்கு இந்தச் சொல் எந்தப் பள்ளியில் கிடைத்தது?

நடுவர் அவர்களே, இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் மனைவியரை மட்டும் கேலி செய்வதாக எதிரணியில் ஒருவர் முகம் சுளித்தார். அவர் சுளித்தது சரி. இந்தப் பவிசுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு தீராமல் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபார்ச்சூன் இதழில் வில்லியம் வைட் என்ற எழுத்தாளர், பெரிய நிறுவன அதிகாரிகளின் மனைவியரைப் பற்றி எழுதினார். அந்த மனைவியர் கடைப்பிடித்த எழுதாத விதிகளை அதில் சொல்கிறார். மற்ற அதிகாரிகளின் மனைவியரோடு அலுவலக வம்பு பேசாதே. கட்டாயம் இல்லாமல் அலுவலகத்துக்குப் போகாதே. இவற்றோடு இன்னொரு விதி: உன் கணவர் நாளைக்குத் தாண்டிப் போகப் போகிறவருடைய மனைவியோடு அதிகமாக நெருங்கிப் பழகாதே! சம்பளம் வாங்காத ஒரு பெண்ணுக்கு, தோழி யார் என்பதைக்கூட நிறுவனத்தின் ஏணி முடிவு செய்திருக்கிறது.

அப்படிப்பட்ட பெண், ஊர் ஊராக மாற்றல் வந்தபோதெல்லாம் மூட்டை கட்டியவர், தன் வேலையை விட்டவர், பிள்ளைகளின் காய்ச்சலோடு தனியாக இரவைக் கழித்தவர். அந்த உழைப்புக்கு எந்த நிறுவனமும் கடிதம் அனுப்பவில்லை. கணவருக்கு வந்த கடிதத்தில் தன் பெயரையும் சேர்த்துப் படித்துக்கொள்கிறார். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் கடனைக் கணவரும் நிறுவனமும் அடைக்க வேண்டும். அவர் போய்க் கணவருடைய அண்ணனிடம் வசூலிக்கிறாரே, அதைத்தான் தவறு என்கிறேன்.

மனைவிக்குப் பதவி உயர்வு வந்த வீட்டுக்கு வாருங்கள். மகிழ்ச்சி பெருகும் என்றால் இங்கேயும் பெருக வேண்டும் அல்லவா? அங்கே ஊதுவதற்கு ஆளே இல்லை. "அவளுக்கு ஏதோ கொஞ்சம் பொறுப்பு கூடியிருக்கிறது" என்று கணவர் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார். கணவரின் தாயார், "இனிமேல் வீட்டை யார் பார்ப்பது?" என்று கேட்கிறார். கணவருக்கு வந்தால் வீட்டுக்கே கிரீடம், மனைவிக்கு வந்தால் வீட்டுக்கே கவலை! சுவீடனில் ஓலே ஃபோல்கே, யோஹன்னா ரிக்னே என்ற இரு ஆய்வாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரசியலில் உயர் பதவிக்கு வந்த பெண்களிடையே மணமுறிவு கூடியது, ஆண்களிடையே கூடவில்லை. நிறுவனத் தலைமைக்கு உயர்ந்தவர்களிலும் ஆண்களைவிடப் பெண்களே விரைவில் மணமுறிவுக்கு ஆளானார்கள். பதவி உயர்வு வீட்டுக்குள் மகிழ்ச்சியாக நுழைகிறது என்றால், அது ஆளைப் பார்த்தா நுழையும்? நுழைவது பவிசு. பவிசுதான் யார் தலையில் ஏறினால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்து ஏறும்.

மணி அடிக்கப் போகிறது என்று தெரிகிறது. உயர்வு பெற்றவருடைய உடம்புக்கும் மனத்துக்கும் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் டேவிட் ஜான்ஸ்டன், வாங்ஷெங் லீ என்ற இரு பொருளியலாளர்கள் பதவி உயர்வு பெற்றவர்களை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்த தரவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வேலையில் மனநிறைவு கூடுகிறது. வாழ்க்கை முழுவதையும் வைத்துப் பார்த்த நிறைவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டு ஆண்டு ஆகும்போது மனநலம் குறிப்பிடத்தக்க அளவு சரிந்திருக்கிறது. வாசலில் பதவியைச் சொல்லும் பெயர்ப் பலகை பளபளப்பாக இருக்கும் அதே இரண்டு ஆண்டில்தான் உள்ளே ஒரு மனிதர் தேய்ந்துகொண்டிருக்கிறார்.

அவருக்கு அப்போது வேண்டியது என்ன? அலுவலகத்தில் நாள் முழுவதும் அந்தப் பதவியைச் சுமந்துவிட்டு வருகிறார். செருப்பைக் கழற்றும் இடத்தில் அதையும் கழற்றி வைக்க ஓர் இடம் வேண்டும். "இன்றைக்கு ஒரு தவறு செய்துவிட்டேன்" என்று சொல்ல ஒரு காது வேண்டும். வைஸ் பிரெசிடென்ட் தவறு செய்வாரா? வீட்டிலும் அவர் வைஸ் பிரெசிடென்டாகவே இருந்தாக வேண்டும் என்றால், அந்த மனிதர் எந்த வீட்டுக்குப் போவார்? வேலை போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனங்கள் ஒரே நாளில் ஆட்களைக் குறைக்கும் காலம் இது. அதை முதலில் யாரிடம் சொல்லப் பயப்படுவார்? மேலதிகாரியிடமா? வீட்டாரிடம்தான்! அந்தப் பயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது மகிழ்ச்சி என்று எதிரணியால் சொல்ல முடியுமா?

நான் தொடங்கிய வாசலுக்கே வருகிறேன், நடுவர் அவர்களே. செயின் மாட்டி முடித்தார். மகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போனாள். நண்பர் மண்ணெண்ணெய் தொட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். நகக் கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. பிறகு செல்பேசியைக் கேட்டு வாங்கி, அண்ணனை அழைத்தார். எதிர்முனைக் குரல் எனக்கும் கேட்டது.

"மீட்டிங் முடிந்துவிட்டதா, சார்?"

கிண்டல் இல்லை. அந்தப் பெரியவர் உண்மையாகவே மரியாதையாகத்தான் கேட்டார். நண்பர் தன் கையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மீட்டிங் எல்லாம் இல்லை, அண்ணா. பாப்பா சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன்" என்றார்.

அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சே இல்லை.

தீர்ப்பை உங்களிடம் விட்டுவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.